யாருக்காகப் போட்ட சாலை? ஐரோப்பிய மலை ஏற்றங்களும் சைக்கிளும்

தெற்கு பிரான்சில் பெத்வான் என்ற சின்ன ஊரிலிருந்து மோன் வான்தூ சிகரத்துக்கு ஏறும் சாலை 21 கி.மீ. நீளம். சிகரத்தின் உயரம் 1,909 மீட்டர். சராசரிச் சாய்வு 7.5 சதவீதம். அதாவது 100 மீட்டர் முன்னே போனால் ஏழரை மீட்டர் மேலே போயிருப்போம். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டு வருகிறவருக்கு முதல் ஐந்தரை கி.மீ. சப்பென்றுகூட இருக்கும். இருபுறமும் திராட்சைத் தோட்டம், நான்கைந்து சதவீதச் சாய்வு, பக்கத்தில் வருகிறவரோடு பேசிக்கொண்டே மிதிக்கலாம். பிறகு சேன்-எஸ்தேவ் என்ற இடத்தில் சாலை இடப்பக்கம் மடங்கிக் காட்டுக்குள் நுழைகிறது. பேச்சு அங்கே நின்றுவிடும். ஷாலே ரெனார் உணவகம் வரையிலான அடுத்த ஒன்பது கி.மீ.யில் சாய்வு ஒன்பதுக்குக் கீழே வருவது அரிது. ஆசுவாசப்படுத்திக்கொள்ள வளைவுகளும் அதிகம் கிடையாது. மரங்களுக்கு நடுவே சாலை நேராக ஏறிக்கொண்டே இருக்கும்.

7.5 என்பது பொய் இல்லை. நாலரையையும் ஒன்பதரையையும் கலந்தால் வருகிற எண் அது, அவ்வளவுதான். மிதிக்கிறவருக்கு அதனால் பயன் இல்லை.

பிரெஞ்சு ஆல்ப்ஸ் மலையின் கலிபியே கணவாயில் இந்த ஏமாற்று இன்னும் அதிகம். சேன்-மிஷேல்-தெ-மோரியேனிலிருந்து உச்சி வரை சுமார் 35 கி.மீ., சராசரி 5.5 சதவீதம். ஆனால் வழியில் 12 கி.மீ. ஏறி 1,566 மீட்டரில் தெலெகிராஃப் கணவாயைத் தொட வேண்டும். பிறகு வல்வார் ஊருக்கு ஐந்து கி.மீ. இறங்கி, மறுபடி 18 கி.மீ. ஏறி 2,642 மீட்டரை அடைய வேண்டும். இடையில் இறங்கியது சராசரியைக் குறைத்துக் காட்டும், தொடைகளுக்கு எதையும் குறைத்துத் தராது. பிளான் லஷா என்ற இடத்தில் ஓடையைத் தாண்டிச் சாலை திரும்பியதும் கடைசி எட்டு கி.மீ. ஆரம்பிக்கிறது, எட்டு சதவீதத்துக்கு மேல். சுரங்கப்பாதையின் வாயைத் தாண்டி மேலே போகிற கடைசி ஒரு கி.மீ. பத்து சதவீதத்தை ஒட்டி நிற்கும். 2,500 மீட்டருக்கு மேல், காற்று மெலிந்த இடத்தில், காலில் மிச்சம் எதுவும் இல்லாத நேரத்தில் இது வரும்.

ஒரு ஏற்றத்தை எடைபோட நீளமும் சராசரியும் போதாது. கி.மீ. வாரியான சாய்வுப் படத்தில், தொடர்ச்சியாக மிகக் கடினமான மூன்று கி.மீ. எங்கே இருக்கிறது, அதன் சாய்வு என்ன, அது ஏற்றத்தின் தொடக்கத்திலா கடைசியிலா என்று பார்க்க வேண்டும். பிரான்சின் பெயர்பெற்ற கணவாய்களில் இந்த வேலையைச் சாலையே செய்துதருகிறது. ஒவ்வொரு கி.மீ.க்கும் ஒரு கல் இருக்கும். இப்போதைய உயரம், உச்சிக்கு இன்னும் எத்தனை கி.மீ., அடுத்த ஒரு கி.மீ.யின் சராசரிச் சாய்வு ஆகிய மூன்றும் அதில் இருக்கும். அதைப் படித்துவிட்டு மனம் தளர்கிறவர்களும் உண்டு.

சக்கரம் எதை இழுத்தது

ஒரே உயரத்துக்குப் போகும் இரண்டு சாலைகளில் ஒன்று சீராகவும் மற்றொன்று சுவர் போலவும் இருப்பதற்கு மலையை மட்டும் காரணம் சொல்ல முடியாது. அந்தச் சாலையை யாருக்காக, எந்த வண்டிக்காகப் போட்டார்கள் என்பதே பெரும்பாலும் சாய்வைத் தீர்மானித்திருக்கிறது.

இத்தாலியின் ஸ்டெல்வியோவை எடுத்துக்கொள்வோம். நெப்போலியன் வீழ்ந்தபின், மிலான் நகரம் இருக்கும் லொம்பார்டி பகுதி ஆஸ்திரியப் பேரரசின் கைக்கு வந்தது. மிலானையும் பேரரசின் மறுபக்கத்தையும் இணைக்க ஒரு சாலை தேவைப்பட்டது. கார்லோ டொனெகானி என்ற பொறியாளர் 1820-இல் தொடங்கி 1825-இல் முடித்தார். சாலை 2,757 மீட்டர் உயரத்துக்குப் போகிறது. அந்தக் காலத்துப் போக்குவரத்து என்பது குதிரை வண்டிதான். பாரம் ஏற்றிய வண்டியைக் குதிரை நாள் முழுக்க இழுக்க வேண்டுமென்றால் சாய்வு ஒரு வரம்புக்குள் இருந்தாக வேண்டும். அதனால் நேராக ஏறாமல் சாலையை மடித்து மடித்துக் கொண்டுபோனார்கள். பிராட்டோ என்ற ஊரிலிருந்து ஏறும் பக்கத்தில் மட்டும் 48 கொண்டை ஊசி வளைவுகள். 24.3 கி.மீ., 1,800 மீட்டருக்கு மேல் ஏற்றம், சராசரி 7.4 சதவீதம். இங்கே சராசரி ஓரளவு நேர்மையான எண். ஏழுக்கும் ஒன்பதுக்கும் நடுவிலேயே பெரும்பகுதி ஓடும். பிரனீஸ் மலையில் 2,115 மீட்டர் உயர டூர்மலே கணவாயும் இந்தச் சாதிதான். மூன்றாம் நெப்போலியன் காலத்தில் வெந்நீர் ஊற்று ஊர்களை இணைக்கப் போட்ட வண்டிச் சாலை அது. லூஸ் என்ற ஊரின் பக்கத்திலிருந்து 19 கி.மீ., 7.4 சதவீதம். 1910-இல் டூர் தெ பிரான்ஸ் முதன்முதலாக அதில் ஏறியபோது கரடுமுரடான மண்பாதையாக இருந்தது. உச்சியை முதலில் தாண்டிய ஒக்தாவ் லப்பீஸ் அதே நாளில் அமைப்பாளர்களைப் பார்த்து ‘கொலைகாரர்கள்’ என்று கத்தியது பந்தய வரலாற்றில் நிலைத்துவிட்டது. கடும் சாய்வுக்காக அவர் அப்படித் திட்டியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். கியர் மாற்ற வசதியில்லாத சைக்கிளில் ஒரே நாளில் அத்தனை கணவாய்கள் என்றால் யாருக்கும் அந்த வார்த்தைதான் வந்திருக்கும்.

மற்றொரு சாதி, மேய்ச்சல் நிலத்துக்குப் போகும் பாதைகள். மாடு வளைந்து வளைந்து போகக் காத்திருக்காது, மாட்டுக்காரரும் அப்படித்தான். அந்தத் தடத்தின் மேல் பின்னாளில் தார் ஊற்றியபோது சாய்வை யாரும் திருத்தவில்லை. டிராக்டரும் ஜீப்பும் ஏறினால் போதும். ஸ்பெயினின் அஸ்தூரியாஸில் உள்ள ஆங்லீரு, இத்தாலியின் சொன்கொலான், மோர்டிரோலோ எல்லாம் இந்த வகை. மூன்றுமே பெரிய பந்தயங்களுக்கு வந்தது மிகச் சமீபத்தில். மோர்டிரோலோ 1990-இல் இத்தாலியின் ஜிரோ பந்தயத்தில் நுழைந்தது, ஆங்லீரு 1999-இல் ஸ்பெயினின் வுவெல்டா பந்தயத்தில், சொன்கொலான் 2003-இல் ஜிரோவில். ஸ்டெல்வியோவுக்கோ அப்போதே நூற்று அறுபது வயதுக்கு மேல்.

எண்களைப் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியும். மாட்சோவிலிருந்து மோர்டிரோலோ 12.4 கி.மீ., 10.5 சதவீதம், உச்சபட்சம் 18. ஒவாரோவிலிருந்து சொன்கொலான் பத்து கி.மீ.தான், ஆனால் சராசரி பதினொன்றரைக்கு மேல். லியாரீஸ் ஊரைத் தாண்டியதும் வரும் ஆறு கி.மீ. தொடர்ச்சியாக 15 சதவீதம், அதற்குள் 22 தொடும் இடங்களும் உண்டு. ஆங்லீரு 12.5 கி.மீ., சராசரி பத்தை ஒட்டி. முதல் ஐந்தாறு கி.மீ. சாதாரண மலைச் சாலை. வியாபரா என்ற இடத்தில் சற்றுச் சமதளம் வரும். அது கொடுக்கும் தைரியத்தில் கியரைக் கனமாக்கினவர்கள் உண்டு. அதன்பின் கடைசி ஆறு கி.மீ. பதின்மூன்றுக்கு மேல் போகிறது. உச்சிக்கு மூன்று கி.மீ. முன்னால் குவேனியா லெஸ் காப்ரெஸ் என்கிற துண்டு 23.5 சதவீதம். பெயரிலேயே ஆடுகள் இருக்கின்றன.

2002 வுவெல்டாவில் மழையில் இந்தச் சாலையில் குழு வண்டிகளே ஏற முடியாமல் நின்றுபோய், வீரர்களுக்கு வழி அடைபட்டது. பிரிட்டிஷ் வீரர் டேவிட் மில்லர் முடிவுக்கோட்டுக்குச் சற்று முன்னால் நின்று, முதுகில் இருந்த எண்ணைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் பந்தயத்தைவிட்டு விலகினார்.

210 வாட்டில் என்ன நடக்கும்

75 கிலோ எடையுள்ளவர், தண்ணீர், துணிமணி, சைக்கிள் எல்லாம் சேர்த்து 85 கிலோ என்று வைப்போம். எட்டு சதவீதச் சாய்வில் மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் ஏற அவருக்கு சுமார் 205 முதல் 210 வாட் தேவை. அதில் 185 வாட் புவியீர்ப்புக்கே போய்விடும். டயர் உராய்வுக்கு 12 வாட், காற்றுக்கு வெறும் 5 வாட், மீதி செயினில் தேயும். ஒழுங்காகப் பயிற்சி செய்கிற, போட்டிக்குப் போகாத ஒருவர் இரண்டு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய அளவு இது. இந்தக் கணக்கில் மணிக்கு 800 மீட்டர் உயரம் கிடைக்கும். வான்தூ 1,600 மீட்டர் ஏற்றம் என்பதால் இரண்டு மணி நேரம். முன்னணித் தொழில்முறை வீரர்கள் அதை ஒரு மணி நேரத்துக்குள் முடிக்கிறார்கள்.

‘மணிக்கு எத்தனை மீட்டர் உயரம்’ என்ற இந்த அளவுதான் திட்டமிட உதவும். ஐந்து சதவீதத்துக்கு மேல் உள்ள எந்த ஏற்றத்துக்கும் அது கிட்டத்தட்ட மாறாது. ஊரில் ஒரு மேட்டில் அளந்து வைத்துக்கொண்டால், ஸ்டெல்வியோவுக்கு எத்தனை மணி நேரம் ஆகும் என்று வீட்டிலேயே சொல்லிவிடலாம்.

இப்போது அதே 210 வாட்டை வைத்துக்கொண்டு சொன்கொலானின் 15 சதவீதத்தில் ஏறினால் வேகம் மணிக்கு 6 கி.மீ.க்கு இறங்கும். சிக்கல் இங்கேதான். முன்னால் 34 பல், பின்னால் 34 பல் என்றால் ஒரு மிதி சுற்றுக்குச் சக்கரம் ஏறத்தாழ 2.13 மீட்டர் நகரும். 10 கி.மீ. வேகத்தில் நிமிடத்துக்கு 78 சுற்று, சுகமான தாளம். 6 கி.மீ.யில் 47 சுற்று. வாட் அதேதான், ஆனால் மிதியில் கொடுக்க வேண்டிய சராசரி அழுத்தம் 15 கிலோவிலிருந்து 25 கிலோவாக ஏறிவிடும். இதயமும் நுரையீரலும் சமாளிக்கிற வேலையில் தசை முதலில் தோற்கும். முட்டியின் முன்பக்கம் வலிக்கும், இடுப்புக்கு மேல் முதுகு இறுகும். பின்னால் 28 பல்தான் பெரியது என்றால் 39 சுற்று. அது மிதிப்பதில் சேர்த்தி இல்லை, படியேறுவது.

அதனால் இந்த வகைச் சாலைக்குப் போகிறவர் முதலில் மாற்ற வேண்டியது பல்சக்கரத்தை. ஸ்டெல்வியோ, டூர்மலே வகைக்கு முன்னால் 34, பின்னால் 32 அல்லது 34 போதும். சொன்கொலானுக்கும் ஆங்லீருவுக்கும் கிராவல் சைக்கிளின் (மண், சரளைப் பாதைக்கான சைக்கிள்) 30 பல் முன்பல்சக்கரமும் பின்னால் 34-ம் போட்டால் 6 கி.மீ. வேகத்தில் 53 சுற்று கிடைக்கும். பெரிய கேசட் (பின்சக்கரத்தில் இருக்கும் பல்சக்கர அடுக்கு) போடும்போது இரண்டு விஷயம் தவறும். பின் கியர் மாற்றியின் கை குட்டையாக இருந்தால் பெரிய பல்லில் செயின் ஏறாது, அல்லது ஏறியபின் உரசும். செயினையும் அதற்கேற்ப நீட்டாமல் விட்டால், முன்னும் பின்னும் பெரிய பல்லில் ஒரே நேரத்தில் போட்ட கணத்தில் இழுபட்டு மாற்றி முறிந்துவிடும். கடையில் ஸ்டாண்டில் வைத்தே பெரிது-பெரிது போட்டுப் பார்த்துவிட வேண்டும். இன்னொன்று, பின்கியரின் உள்பக்க எல்லைத் திருகு. கடைசிப் பல்லுக்கு மாற்றும்போது செயின் அதைத் தாண்டிக் கம்பிகளுக்குள் விழுந்தால் சக்கரமே போய்விடும். தட்டையான ஊரில் அந்தப் பல்லைத் தொடாமலே ஆறு மாதம் ஓட்டியிருப்போம், குறை தெரியாது. மலையில் முதல் நாளிலேயே தெரியும்.

எடைக் குறைப்புக்குச் செலவழிக்கிறவர்கள் ஒரு கணக்கைப் பார்க்கலாம். 85 கிலோவில் ஒரு கிலோ குறைந்தால் இரண்டு மணி நேர வான்தூவில் மிச்சமாவது ஒன்றேகால் நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட. விலை உயர்ந்த சக்கரம் அதைக்கூடத் தராது. ஒரு பெரிய கேசட் நடந்து ஏறுவதையும் மிதித்து ஏறுவதையும் பிரித்துவிடும்.

15 சதவீதத்துக்கு மேல் உட்காரும் விதமும் மாறியாக வேண்டும். சீட்டில் பின்னால் தள்ளி உட்கார்ந்தால் முன்சக்கரம் தரையைவிட்டுத் தூக்கும். எழுந்து நின்று முன்னால் சாய்ந்தால் பின்சக்கரத்தில் பாரம் குறைந்து, ஈரத் தாரில் வழுக்கிச் சுழலும். சீட்டின் முனைக்கு நகர்ந்து, முழங்கையை மடித்து, மார்பைத் தாழ்த்தி ஏறுவதே வழி. நின்றுவிட்டால் மறுபடி ஏறிக் கிளம்புவது தனி வித்தை. மேல்நோக்கி வைத்துக் கிளம்பினால் ஷூவை மிதியில் மாட்டுவதற்குள் சைக்கிள் நின்றுவிடும். வண்டி வரவில்லை என்று பார்த்துக்கொண்டு சாலைக்குக் குறுக்கே திருப்பி, பக்கவாட்டில் இரண்டு மிதி கொடுத்து, மாட்டியபின் மேலே திருப்ப வேண்டும்.

கொண்டை ஊசி வளைவிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வளைவின் உள்விளிம்பும் வெளிவிளிம்பும் ஒரே உயரத்தைத்தான் ஏறுகின்றன, ஆனால் உள்விளிம்பின் நீளம் குறைவு. அதனால் அங்கே சாய்வு இரட்டிப்பாகக்கூட இருக்கும். இந்த நாடுகளில் வலப்பக்கம் ஓட்டுகிறார்கள். ஆகவே இடது வளைவில் நாம் தானாகவே வெளியோரம் இருப்போம், அது ஓய்வு. வலது வளைவில் உள்ளே மாட்டிக்கொள்வோம். எதிரே ஒன்றும் வரவில்லை என்பது உறுதியாகத் தெரிந்தால் சாலையின் நடுவரை விரித்துப் போகலாம். பிரான்சின் ஆல்ப் துவெஸ் ஏற்றத்தின் 21 வளைவுகள் பெரும்பாலும் சமதளமாகவே இருக்கும். 13.8 கி.மீ., 8.1 சதவீதம் என்ற அந்த ஏற்றத்தில் ஆட்கள் விழுவது மேலே இல்லை, கீழே. சமவெளியிலிருந்து திரும்பியதும் முதல் வளைவுக்கு முன்பே பத்து சதவீதத்தை ஒட்டிய சாலை வருகிறது. கால் புதிதாக இருக்கும் தெம்பில் அங்கே 300 வாட் கொடுத்தவர் பத்தாவது கி.மீ.யில் அதற்கு வட்டி கட்டுவார். வளைவுகளுக்குக் கீழிருந்து 21, 20 என்று குறைந்துகொண்டே எண் இட்டிருக்கிறார்கள். ஸ்டெல்வியோவிலும் 48-இலிருந்து கீழ்நோக்கித்தான் எண்ணிக்கை.

வெயில், காற்று, உயரம்

6 கி.மீ. வேகத்தில் முகத்தில் காற்றே படாது. உடல் செய்கிற வேலையில் நாலில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் மிதிக்குப் போகிறது, மீதி அத்தனையும் சூடு. சமவெளியில் 30 கி.மீ. வேகக் காற்று அதை எடுத்துப்போகும். வான்தூ காட்டுக்குள் ஜூலை மதியத்தில் அந்தச் சூடு உடலிலேயே தங்கும், கூடவே ஈக்களும் துரத்தும். மெதுவாகப் போவதால் அவற்றைத் தாண்டிப் போகவும் முடியாது. இரண்டு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 1,500 கலோரி செலவாகும். மணிக்கு 60 கிராம் மாவுச்சத்தும், குறைந்தது முக்கால் லிட்டர் தண்ணீரும் உள்ளே போக வேண்டும். ஆகவே பெத்வானில் இரண்டு பாட்டிலையும் நிரப்பாமல் கிளம்பக் கூடாது.

ஷாலே ரெனாருக்கு மேல் மரம் கிடையாது. கடைசி ஆறு கி.மீ. வெளுத்த சுண்ணாம்புக் கல்லின் நடுவே. 1967 ஜூலை 13-இல் டூர் தெ பிரான்ஸ் பந்தயத்தின்போது பிரிட்டிஷ் வீரர் டாம் சிம்ப்சன் சிகரத்துக்கு ஒன்றரை கி.மீ. முன்னால் சரிந்து விழுந்து இறந்தது இந்தப் பகுதியில்தான். கடும் வெயில், வறண்ட உடல், மது, கூடவே ஆம்பெட்டமின் என்ற ஊக்கமருந்து. களைப்பை உணர்த்த வேண்டிய எச்சரிக்கையை அந்த மருந்து அணைத்துவிட்டது. அங்கே அவருக்கு நினைவுக்கல் இருக்கிறது. போகிறவர்கள் தொப்பியும் தண்ணீர் பாட்டிலும் வைத்துவிட்டுப் போகிறார்கள். காற்று இன்னொரு கதை. 2016-இல் மணிக்கு 100 கி.மீ.க்கு மேல் வீசும் என்பதால் டூர் தெ பிரான்ஸின் முடிவுக்கோட்டையே சிகரத்திலிருந்து ஷாலே ரெனாருக்கு இறக்கினார்கள். மிஸ்த்ரால் என்ற பலத்த வடக்குக் காற்று வீசும் நாளில் பக்கவாட்டு வீச்சில் ஆழமான விளிம்புள்ள முன்சக்கரம் கைப்பிடியைப் பிடுங்கும்.

ஸ்டெல்வியோவின் எதிரி உயரம். 2,757 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் 72 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். பழகாத உடம்புக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் சக்தி குறையும். கீழே 210 வாட் கொடுத்தவர் கடைசி ஐந்து கி.மீ.யில் 185-க்கே திணறுவது இயல்பு. அதைப் பலவீனம் என்று நினைத்து அழுத்தினால் அடுத்த வளைவில் நிற்க வேண்டிவரும். 2,000 மீட்டரைத் தாண்டியதும் ஒரு பல் இறக்கிக்கொள்வதே முறை.

இறக்கத்தின் கணக்கு

85 கிலோவை ஸ்டெல்வியோ உச்சியிலிருந்து பிராட்டோவுக்கு இறக்கினால் விடுபடும் ஆற்றல் நாலரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். அதைக் காற்றும் பிரேக்கும் பங்குபோட்டுக்கொள்கின்றன. எட்டு சதவீதத்தில் பிரேக்கே பிடிக்காமல் விட்டால் 60 கி.மீ. வேகத்தை ஒட்டிக் காற்றே பிடித்து நிறுத்தும். பயந்து 25 கி.மீ.யில் பிரேக்கைத் தேய்த்துக்கொண்டே வந்தால் கிட்டத்தட்ட 350 வாட் சூடு இடைவிடாமல் பிரேக்குக்குள் இறங்கும். பயந்து இறங்குகிறவரின் பிரேக்தான் முதலில் போகிறது. விளிம்பில் பிடிக்கும் பிரேக் என்றால் விளிம்பு சூடாகி ட்யூப் வெடிக்கும். கார்பன் விளிம்பாக இருந்தால் பிசினே இளகும். டிஸ்க் என்றால் பேட் பளபளவென்று கண்ணாடியாகிப் பிடிப்பு போகும், கீச்சிடும். எண்ணெய் கொதித்தால் லீவர் கைப்பிடி வரை வந்துவிடும். நேர்ச்சாலையில் விட்டுவிட்டு, வளைவுக்கு முன் இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்திப் பிடித்து, வளைவுக்குள் விடுவிப்பதே சரி. லீவர் மெத்தென்று ஆனால் நின்று பத்து நிமிடம் ஆறவிட வேண்டும். சூட்டில் டிஸ்க் மேல் தண்ணீர் ஊற்றினால் தட்டு கோணும்.

குளிரும் சேர்ந்துகொள்ளும். 1,000 மீட்டருக்கு ஆறரை டிகிரி குறையும் என்பதால் பிராட்டோவில் 25 டிகிரி என்றால் உச்சியில் 13. வியர்வையில் நனைந்த சட்டையோடு 50 கி.மீ. காற்றில் இறங்கினால் கை மரத்துப் பிரேக் பிடிக்காது. அந்தக் காலத்து வீரர்கள் உச்சியில் ரசிகர்களிடம் செய்தித்தாள் வாங்கிச் சட்டைக்குள் திணித்துக்கொண்டது இதற்காகத்தான். காற்றுப் புகாத மெல்லிய ஜாக்கெட்டும் முழுவிரல் கையுறையும் பையில் இருந்தால் போதும்.

ஸ்டெல்வியோ பொதுவாக மே கடைசி அல்லது ஜூனில்தான் திறக்கும், இலையுதிர்காலத்தில் பனி வந்ததும் மூடிவிடுவார்கள். வார இறுதியில் மோட்டார் சைக்கிள் கூட்டம் தாங்காது. விடியற்காலையில் கிளம்பினால் வெயில், கூட்டம் இரண்டிலிருந்தும் தப்பலாம். பேருந்து வளைவில் திரும்பும்போது முழுச் சாலையையும் எடுத்துக்கொள்ளும் என்பதால் வளைவுக்குக் கீழேயே நின்று விட்டுவிடுவது நல்லது.

வான்தூவை முதல்முறை பார்க்கிறவருக்குப் பெத்வான் ஒன்றுதான் வழி என்றில்லை. லாவெண்டர் வயல்களுக்கு நடுவில் இருக்கும் சோ என்ற ஊரிலிருந்து 26 கி.மீ., சராசரி நாலரை சதவீதம். ஷாலே ரெனாரில் அந்தச் சாலை பெத்வான் சாலையோடு சேர்ந்துகொள்ளும். கடைசி ஆறு கி.மீ. இருவருக்கும் ஒன்றேதான், காற்றும் அதேதான். பெத்வான் பக்கத்துக் காட்டு ஏற்றத்திலிருந்து மட்டும் தப்பலாம்.